அரசு அலுவலகத்துக்குக் கணினி வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு அலுவலகங்களில் கணினி கொள்முதல் கோப்பைக் கையில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கணினித் துறையினர் அல்லர். கண்காணிப்பாளர், கணக்குப் பிரிவு உதவியாளர், சில இடங்களில் ஓய்வுபெற ஓராண்டே மீதமுள்ள மேலாளர். கடைக்காரர் சொல்வதையும் தணிக்கை கேட்கப்போவதையும் ஒருசேர நினைத்துப் பயந்தபடியே கையெழுத்திடுகிறார்கள். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஜெம் தளம் (மத்திய அரசின் இணையவழிக் கொள்முதல் சந்தை), பொது நிதி விதிகள் (மத்திய அரசின் செலவு, கொள்முதல் விதிகள்) என்று வரும் இடங்களெல்லாம் மத்திய அரசு அலுவலகங்களுக்கானவை. தமிழக அரசு அலுவலகங்களுக்கு 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் 2000ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

எங்கள் பிரிவுக்குப் பத்துக் கணினிகள் வேண்டும். எந்த மாடல் நல்லது?

மாடலைப் பிறகு பார்க்கலாம். முதலில் பத்து நாற்காலிகளையும் எண்ணி, ஒவ்வொன்றிலும் நடக்கும் வேலையை ஒரு வரியில் எழுதுங்கள். தபால் பதிவு, மின் அலுவலகக் கோப்பு, சம்பளப் பட்டியல், ஸ்கேன் செய்து பதிவேற்றம், காணொலிக் கூட்டம், நில அளவை வரைபடம். எழுதி முடித்ததும் பத்தும் ஒரே இயந்திரமாக இருக்கத் தேவையில்லை என்பது தெரிந்துவிடும். எட்டுப் பேருக்குச் சாதாரண மேசைக்கணினி போதும். வரைபட வேலை செய்யும் மற்ற இருவருக்கு மட்டும் தனி கிராபிக்ஸ் கார்டும் 32 ஜிபி ரேமும் (ஓடும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) தேவைப்படலாம்.

இந்த அரைப் பக்கக் குறிப்பைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். விவரக்குறிப்பு அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். "ஏன் இதை வாங்கினீர்கள்" என்று மூன்றாண்டு கழித்துக் கேட்டாலும் பதில் அந்தத் தாளில் இருக்கும். நடைமுறையில் பல கோப்புகளில் விற்பனையாளர் கொடுத்த விளம்பரத் தாள் அப்படியே விவரக்குறிப்பாக மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

ஐ-3 போதுமா, ஐ-5 கேட்க வேண்டுமா?

"ஐ-5" என்று மட்டும் எழுதுவது ஏறக்குறைய ஒன்றுமே எழுதாததற்குச் சமம். அது கணினியின் மூளையான பிராசசரில் இன்டெல் நிறுவனம் வைத்த ஒரு வரிசையின் பெயர். அந்தப் பெயரில் பத்தாண்டுக்கு முந்தைய பிராசசரும் உண்டு, அண்மையில் வந்ததும் உண்டு. மாடல் எண்ணைப் படிக்கப் பழகுங்கள். ஐ5-9400 என்றால் 9ஆம் தலைமுறை; ஐ3-12100 என்றால் 12ஆம் தலைமுறை. இந்த இரண்டில் "சிறியது" என்று பெயர் பெற்ற ஐ-3தான் பெரும்பாலான வேலைகளில் வேகமானது. எண்ணின் இறுதியில் உள்ள எழுத்தையும் பாருங்கள். யு என்று முடிந்தால் மின்சாரத்தை மிச்சப்படுத்த மடிக்கணினிக்கென்று செய்தது. 2023 இறுதியிலிருந்து இன்டெல் தன் புதிய வரிசைகளில் ஐ என்ற எழுத்தையே விட்டுவிட்டு கோர் அல்ட்ரா போன்ற பெயர்களுக்குப் போய்விட்டது. ஆகவே பழைய விவரக்குறிப்பை அப்படியே நகல் எடுத்தால் பழைய சரக்குதான் வந்து சேரும்.

கோப்பு, தட்டச்சு, இணையதளப் பதிவு ஆகியவற்றுக்குப் புதிய தலைமுறை ஐ-3 அல்லது அதற்கு இணையாக இன்னொரு நிறுவனமான ஏஎம்டி தரும் ரைசன்-3 தாராளமாகப் போதும். விவரக்குறிப்பில் குறைந்தபட்சக் கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) எண்ணிக்கை, எந்த ஆண்டுக்குப் பின் வெளியான பிராசசர், பொதுவாக ஏற்கப்பட்ட ஒரு வேகச் சோதனையில் குறைந்தபட்ச மதிப்பெண் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். அப்படி எழுதினால் இரண்டு நிறுவனங்களின் பிராசசர்களும் போட்டியிட முடியும்.

ரேம் 8 ஜிபி வாங்கினால் பிறகு மாட்டிக்கொள்வோமா?

இன்று வாங்கி ஐந்தாண்டு ஓட்டப்போகிறீர்கள் என்றால் 16 ஜிபி கேளுங்கள். பிரவுசரில் மின் அலுவலகம், கருவூலத் தளம், மின்னஞ்சல், இரண்டு பிடிஎஃப் கோப்புகள் திறந்திருந்தாலே 8 ஜிபி நிறைந்துவிடுகிறது. கூடவே காணொலிக் கூட்டமும் சேர்ந்தால் இயந்திரம் தவழத் தொடங்கும்.

நிதி இடம் தரவில்லை என்றால் 8 ஜிபியை ஒரே சில்லாக வாங்கி, மதர்போர்டில் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு 4 ஜிபி சில்லுகளைச் செருகி இரண்டு ஸ்லாட்டையும் அடைத்து அனுப்பினால், பிறகு கூட்டும்போது பழையதைக் கழற்றி எறிய வேண்டிவரும். மடிக்கணினிகளில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் மாடல்கள் பெருகிவிட்டன. அவற்றில் வாங்கும்போது உள்ளதுதான் கடைசிவரை.

1 டிபி ஹார்ட் டிஸ்க் கொடுக்கிறார்கள், அதே விலையில் 256 ஜிபி எஸ்எஸ்டி கொடுக்கிறார்கள். பெரியதுதானே லாபம்?

இல்லை. எஸ்எஸ்டியை, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் சேமிக்கும் வகையை, எடுங்கள். மெதுவான கணினி என்று புகார் வந்த பல இயந்திரங்களில் வேறெதையும் தொடாமல் சுழலும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எஸ்எஸ்டியாக மாற்றியதும் புகார் நின்றுபோயிருக்கிறது. சுழலும் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்பி வரை படிக்கும். சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டி 500 எம்பியைத் தாண்டும். என்விஎம்இ என்ற புதிய இணைப்பு வகை எஸ்எஸ்டி அதைப்போலப் பல மடங்கு. சிறு சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் அதிகம்.

அலுவலகக் கோப்புகள் தனி மேசையில் 1 டிபி அளவுக்குக் குவியவும் கூடாது. ஒருவர் மாறுதலாகிப் போகும்போது ஆவணங்களும் அவர் மேசையோடு முடங்கிவிடும். பிரிவுக்குப் பொதுவான சேமிப்பகமும் அதற்கொரு நகலும் இருந்தால், ஒவ்வொருவர் கணினியிலும் 256 அல்லது 512 ஜிபி போதுமானது.

மேசைக்கணினி, ஆல்-இன்-ஒன், மினி பிசி, மடிக்கணினி: எதை எடுப்பது?

இருக்கையை விட்டு எழாத வேலைக்கு மடிக்கணினி வேண்டாம். களத்துக்குப் போகும் கிராம நிர்வாக அலுவலர், ஆய்வாளர் போன்றோருக்கு அது தேவை. ஆல்-இன்-ஒன் பார்க்க அழகாக இருக்கும். திரை பழுதானால் முழு இயந்திரமும் சேவை மையத்துக்குப் போகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மானிட்டரின் பின்புறம் மாட்டும் மினி பிசியை இன்னும் பல அலுவலகங்கள் பரிசீலிப்பதே இல்லை. மின்சாரம் குறைவு, இடம் குறைவு, தூசி உள்ளே போவதும் குறைவு. தனி கார்டு செருக முடியாது என்பதுதான் குறை. முதல் பதிலில் சொன்ன எட்டு நாற்காலிகளுக்கு அந்தக் குறை பொருட்டில்லை.

கீபோர்டு, மானிட்டர் எல்லாம் எதுவாக இருந்தாலும் ஒன்றுதானே?

எட்டு மணி நேரம் கை வைப்பதும் கண் வைப்பதும் இவற்றின் மீதுதான். மானிட்டர் 21.5 அங்குலத்துக்குக் குறையாமல், முழு எச்டி, உயரம் மாற்றக்கூடிய தாங்கியுடன் கேளுங்கள். தாங்கி இல்லாததால் பழைய கெஜட் கட்டுகளை மானிட்டருக்கு அடியில் அடுக்கிவைத்திருக்கும் மேசைகள் இன்றும் உண்டு.

தமிழில் கோப்பு எழுதும் அலுவலகம் என்றால், தமிழ் எழுத்துகளும் பொறித்த தமிழ்99 கீபோர்டு வேண்டும் என்று விவரக்குறிப்பிலேயே எழுதுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்ற தரம் அது. விண்டோஸ் 11இல் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. 2010இல் யூனிகோடும் டேஸ்16உம் (கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறைகள்) அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்ட பின்னும், வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் அலுவலகங்களில் குவிந்து கிடக்கின்றன. புதிய கணினி வரும் நாளுக்கு முன்பே அவற்றை யூனிகோடுக்கு மாற்றத் திட்டமிடுங்கள். இல்லையென்றால் புதிய இயந்திரத்தில் பழைய ஆணைகள் வெறும் ஆங்கிலக் குறிகளாகத் தெரியும்.

இன்னொன்று: டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ஸ்கேனர், கைரேகைக் கருவி, பிரிண்டர், மவுஸ், கீபோர்டு எல்லாவற்றையும் கூட்டி, அதற்கேற்ற எண்ணிக்கையில் பழைய வடிவ யுஎஸ்பி துளைகள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். மெல்லிய புது மாடல்களில் இரண்டுதான் இருக்கும்.

யுபிஎஸ் கட்டாயமா? எங்கள் ஊரில் மின்வெட்டு குறைந்துவிட்டதே.

மின்வெட்டை விட மின்னழுத்தம் ஏறி இறங்குவதுதான் அதிகம் கெடுக்கிறது. 600 விஏ யுபிஎஸ்ஸில் பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். புதிதாக இருக்கும்போது மேசைக்கணினியையும் மானிட்டரையும் சுமார் கால் மணி நேரம் தாங்கும். மினி பிசி என்றால் அதைவிட நெடுநேரம். கோப்பைச் சேமித்து ஒழுங்காக நிறுத்த அது போதும். பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். எனவே கணினிக்கு ஐந்தாண்டு என்று கணக்கிடும்போதே நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்து அனுமதி வாங்குங்கள்.

லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் இணைக்காதீர்கள். தாளைச் சூடாக்கும் நொடியில் அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது. பழைய கட்டடம் என்றால் கணினி வருவதற்கு முன் மின் பணியாளரை அழைத்து எர்த்திங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைச் சரிசெய்த பிறகே இயந்திரங்களை இணையுங்கள்.

பிரிண்டர் விலை குறைவாகக் கிடைக்கிறதே, ஆளுக்கொன்று வாங்கிவிடலாமா?

பிரிண்டரின் உண்மை விலை டோனரில் இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பிரிவு நாளுக்கு 100 பக்கம், ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் ஐந்தாண்டில் 1,25,000 பக்கம். பக்கத்துக்கு ரூ.1.50 ஆகும் இயந்திரத்தில் ரூ.1,87,500. பக்கத்துக்கு 50 பைசா ஆகும் இயந்திரத்தில் ரூ.62,500. வித்தியாசம் ரூ.1,25,000. இதற்கு முன்னால் வாங்கும்போது மிச்சம் பிடிக்கும் நாலாயிரம், ஐயாயிரம் எம்மாத்திரம்?

ஆகவே பிரிவுக்கு ஒன்றாக, நெட்வொர்க்கில் இணையும், தானே இருபுறமும் அச்சிடும் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் வாங்குங்கள். பெட்டியோடு வரும் டோனர் முழு அளவா, தொடக்க அளவா என்று கேளுங்கள். பல மாடல்களில் பாதிக்கும் குறைவாகத்தான் நிரப்பியிருப்பார்கள். விலைப்புள்ளியில் டோனரின் விலையையும் அது தரும் பக்க எண்ணிக்கையையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஒரு கம்பெனி கணினிகள் நன்றாக ஓடுகின்றன. அதே பெயரை விவரக்குறிப்பில் எழுதலாமா?

கூடாது. பெயரை எழுதாமல் அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும் அளவுகளை எழுதுவதும் அதே தவறுதான். பெட்டியின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில், எடை கிராம் கணக்கில் எழுதப்பட்ட விவரக்குறிப்புகளைக் கண்டிருக்கிறேன். வேலைக்கும் அந்த மில்லிமீட்டருக்கும் என்ன தொடர்பு என்று தணிக்கை கேட்டால் பதில் இராது. 2004இல் ஐரோப்பிய ஆணையம், பொதுக் கொள்முதலில் இன்டெல் என்று பெயர் சொல்லிக் கேட்டதற்காக ஜெர்மனி, இத்தாலி உள்ளிட்ட நாடுகள் மீது நடவடிக்கை தொடங்கியது. இந்தத் தவறு நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை.

உண்மையிலேயே ஒரு நிறுவனத்தின் பொருள் மட்டுமே பொருந்தும் நிலை வரலாம். இருக்கும் சர்வருக்கான உதிரிப் பாகம் ஓர் எடுத்துக்காட்டு. அதற்கு மத்திய அரசின் பொது நிதி விதிகளில் 166ஆம் விதி, ஒற்றை ஒப்பந்தப்புள்ளிக்கு வழி விடுகிறது. காரணத்தை எழுதிச் சான்றளித்துத் தகுதியான அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும். மேசைக்கணினிக்கு அந்தக் காரணம் எடுபடாது.

ஜெம் தளத்தில் எவ்வளவு வரை நேரடியாக வாங்கலாம்?

மத்திய அரசு அலுவலகங்களுக்கு இப்போதுள்ள வரம்பு இது: ரூ.50,000 வரை தரமும் விலையும் பொருந்தும் எந்த விற்பனையாளரிடமும் நேரடியாக வாங்கலாம். அதற்கு மேல் ரூ.10 லட்சம் வரை, குறைந்தது மூன்று வெவ்வேறு உற்பத்தியாளர்களின் பொருள்களை ஒப்பிட்டு, தேவைக்குப் பொருந்துவனவற்றில் விலை குறைந்ததை எடுக்க வேண்டும். அதற்கும் மேல் போனால் ஏலம் கேட்பு அல்லது தலைகீழ் ஏலம் (விற்பனையாளர்கள் விலையைக் குறைத்துக்கொண்டே போட்டியிடுவது) கட்டாயம். மூன்று விற்பனையாளர்கள் ஒரே உற்பத்தியாளரின் பொருளை வைத்திருந்தால் அது ஒப்பீடு ஆகாது.

தமிழக அரசுத் துறைகளுக்கு 1977இல் தொடங்கப்பட்ட எல்காட் என்ற மாநில அரசின் மின்னணு நிறுவனத்தின் வழியாகக் கொள்முதல் செய்யும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. உங்கள் துறையின் நிதி அதிகார வரம்பு என்ன என்பதைத் துறை ஆணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் ஐந்து, அடுத்த மாதம் ஐந்து என்று வாங்கினால் ஏலம் தேவைப்படாதல்லவா?

தேவையை முன்பே அறிந்திருந்து, மேலிட ஒப்புதலைத் தவிர்க்கப் பிரிப்பதைப் பொது நிதி விதிகளின் 157ஆம் விதி நேராகத் தடை செய்கிறது. இரண்டு கோப்புகளிலும் ஒரே விவரக்குறிப்பு, பக்கத்துப் பக்கத்துத் தேதி. கண்டுபிடிக்கத் தணிக்கைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. மொத்தமாகக் கேட்டால் விலையும் இறங்கும்.

குறைந்த விலைக்காரருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால் மட்டமான பொருள்தானே வரும்?

மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். விலை குறைந்தவர் விவரக்குறிப்பில் எழுதியதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். எழுதாததைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். மட்டமான பொருள் வந்தது என்று புலம்பிய கோப்புகளை எடுத்துப் பார்த்தால், விவரக்குறிப்பில் "ஐ-5, 8 ஜிபி, 1 டிபி" என்று ஒரே வரி இருக்கும். அந்த வரிக்கு எது மலிவோ அது வந்தது. பிராசசர், ரேம், எஸ்எஸ்டி பற்றி மேலே சொன்னபடி எழுதியிருந்தால் அதே குறைந்த விலைக்காரர் நல்ல இயந்திரத்தைக் கொடுத்திருப்பார்.

விலைக்கு முன் தொழில்நுட்பத் தகுதி என்ற படி ஒன்று இருக்கிறது. அங்கே கண்டிப்பாக இருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு எண், உற்பத்தியாளரின் அங்கீகாரக் கடிதம், மாடல் இன்னும் உற்பத்தியில் இருக்கிறது என்ற உறுதி ஆகியவற்றைக் கேளுங்கள். கடந்த ஆண்டு விற்றுமுதல் இத்தனை கோடி, இத்தனை விருது என்று வேலைக்குத் தொடர்பில்லாத நிபந்தனைகளைச் சேர்த்தால் அவை தரத்தைக் கூட்டுவதில்லை, போட்டியைத்தான் குறைக்கின்றன.

உள்நாட்டுத் தயாரிப்புக்கு முன்னுரிமை என்கிறார்கள். எதை உள்நாட்டுத் தயாரிப்பு என்பது?

பொதுக் கொள்முதலில் உள்நாட்டுத் தயாரிப்புக்கு முன்னுரிமை தரும் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஆணையும் அதன் 2020 திருத்தமும் உள்நாட்டு மதிப்பின்படி வழங்குநரைப் பிரிக்கின்றன. 50 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்றால் முதல் வகுப்பு. 20 அல்லது அதற்கு மேல், ஆனால் 50க்குக் குறைவு என்றால் இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பினர் கேட்ட விலை, குறைந்த விலையைவிட 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் அந்தக் குறைந்த விலைக்கே வழங்க அவர்களுக்கு வாய்ப்பு உண்டு. உற்பத்தி எங்கே நடக்கிறது, விழுக்காடு எவ்வளவு என்று எழுத்தில் உறுதிமொழி வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, பொது நிதி விதிகளில் 2020 ஜூலையில் சேர்ந்த 144(11)ஆம் விதி. இந்தியாவோடு நில எல்லை கொண்ட நாட்டைச் சேர்ந்த நிறுவனம் உரிய அதிகார அமைப்பிடம் பதிவு செய்திருந்தால்தான் ஏலத்தில் பங்கேற்கலாம். முன்னது விலைச் சலுகை. பின்னது நுழைவு நிபந்தனை.

விண்டோஸ் இல்லாமல் வாங்கினால் விலை குறைகிறதே. லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமா?

போடலாம், சோதித்துப் பார்த்துவிட்டு. லினக்ஸ், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில் ஓடுகின்றன. எல்காட் 2000களின் பிற்பகுதியில் லினக்ஸ் பக்கம் திரும்பியது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கிய, லினக்ஸ் அடிப்படையிலான பாஸ் இயங்குதளம் இந்திய மொழிகளுக்கென்றே செய்தது. பிரவுசரில் நடக்கும் வேலைக்கு லினக்ஸ் முழுமையாகப் போதும்.

தடை வரும் இடம் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் ஸ்கேனரும் கைரேகைக் கருவியும். ஒரே ஒரு கணினியில் லினக்ஸ் நிறுவி, உங்கள் அலுவலகத்தின் அத்தனை கருவிகளையும் செருகி, ஒரு வாரம் உண்மையான வேலையைச் செய்து பாருங்கள். எல்லாம் ஓடினால் துணிந்து வாங்குங்கள். சோதிக்காமல் வாங்கிவிட்டுப் பிறகு உரிமம் இல்லாத விண்டோஸை ஏற்றுவதுதான் மிக மோசமான முடிவு.

பழைய விண்டோஸ் 10 கணினிகள் நன்றாகத்தானே ஓடுகின்றன? ஏன் மாற்ற வேண்டும்?

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. கட்டணம் செலுத்தினால் நிறுவனங்களுக்கு மூன்றாண்டு வரை நீட்டிப்பு உண்டு. மக்களின் ஆதார் எண்ணும் நில ஆவணமும் இருக்கும் இயந்திரத்தை ஓட்டைகளோடு இணையத்தில் விடக்கூடாது.

எல்லாவற்றையும் தூக்கி எறியவும் தேவையில்லை. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தைய பிராசசரோ வேண்டும். இவை இருக்கும் கணினிகளில் எஸ்எஸ்டியும் ரேமும் கூட்டி மேம்படுத்துங்கள். இல்லாதவற்றில், முந்தைய பதிலில் சொன்ன சோதனையில் தேறியவற்றை லினக்ஸுக்கு மாற்றுங்கள். மீதியைத்தான் கழிக்க வேண்டும்.

வாரண்டி மூன்றாண்டு என்றால் மூன்றாண்டுதானே? அதில் என்ன எழுத இருக்கிறது?

எந்த நாளிலிருந்து மூன்றாண்டு என்று எழுத வேண்டும். உற்பத்தியாளரின் பதிவேட்டில் வாரண்டி, கிடங்கை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து ஓடத் தொடங்கியிருக்கலாம். உங்களிடம் வந்துசேரும்போதே சில மாதம் கரைந்திருக்கும். "ஏற்புச் சான்று தந்த நாளிலிருந்து" என்று எழுதுங்கள். பழுது பார்க்க ஆள் அலுவலகத்துக்கே வர வேண்டும், அடுத்த வேலை நாளுக்குள் வர வேண்டும், அடாப்டரும் கீபோர்டும் மவுஸும் அடக்கம் என்பவற்றையும் சேருங்கள். மலைப்பகுதி அலுவலகம் என்றால் அருகிலுள்ள சேவை மையம் எந்த ஊரில் என்று முன்பே கேளுங்கள்.

கெட்டுப்போன டிஸ்க் அலுவலகத்திலேயே தங்க வேண்டும் என்ற வரியும் அவசியம். வழக்கமாக வாரண்டியில் புது டிஸ்க் கொடுத்துப் பழையதை எடுத்துச் செல்வார்கள். ஓடாத டிஸ்க்கிலிருந்தும் தரவை மீட்க முடியும்.

பெட்டிகள் வந்துவிட்டன. எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டால் போதுமா?

போதாது. ஜெம் தளத்தில் பொருள் வந்த 48 மணி நேரத்துக்குள் தற்காலிகப் பெறுகைச் சான்றும், 10 நாளுக்குள் ஏற்புச் சான்றும் தர வேண்டும். அந்தப் பத்து நாளைப் பயன்படுத்துங்கள். அட்டைப்பெட்டி, இயந்திரத்தின் ஒட்டுத்தாள், பயாஸ் திரை (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) ஆகிய மூன்றிலும் வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். உற்பத்தியாளரின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு வாரண்டி முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். பிராசசரின் முழு மாடல் பெயர் மேலேயே இருக்கும். மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்று காட்டும். "2இல் 1" என்றால் ஒன்று காலி. டிஸ்க் பக்கத்தில் எஸ்எஸ்டியா இல்லையா என்பது எழுதியிருக்கும். பத்துக் கணினிக்கும் இதைப் படம் பிடித்துக் கோப்பில் சேர்த்தால் ஒரு முற்பகல் வேலைதான். மாறுபாடு இருந்தால் ஏற்புச் சான்று தராமல் அந்த இயந்திரத்தைத் திருப்பி அனுப்புங்கள். சான்று கொடுத்த பிறகு உங்கள் கை கட்டப்பட்டுவிடும்.

பழைய கணினிகளை எடைக்குப் போடலாமா?

முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற உற்பத்தியாளரிடமோ மறுசுழற்சியாளரிடமோ புதுப்பிப்பவரிடமோதான் அவை போய்ச் சேர வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போனால் செம்புக் கம்பிக்காகத் தீயிட்டுக் கொளுத்துவார்கள். ஈயமும் பிறவும் அங்கே வேலை பார்ப்பவரின் நுரையீரலுக்கும் மண்ணுக்கும் போகும். கழிக்கும் குழுவின் பரிந்துரை, இருப்புப் பதிவேட்டில் நீக்கக் குறிப்பு, மறுசுழற்சியாளரின் பதிவு எண், ஒப்படைப்புச் சான்று ஆகிய நான்கும் கோப்பில் இருக்கட்டும்.

அனுப்பும் முன் டிஸ்க்குகளைக் கழற்றுங்கள். சுழலும் டிஸ்க் என்றால் முழுவதும் மேலெழுதி அழிக்கலாம். எஸ்எஸ்டிக்கு அந்த முறை நம்பத்தக்கதல்ல. உற்பத்தியாளர் தரும் பாதுகாப்பான அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். வாரண்டியில் மாற்றித் தக்கவைத்துக்கொண்ட ஓடாத டிஸ்க்குகளைத் துளையிட்டோ நொறுக்கியோ அழித்து, வரிசை எண்ணோடு இருவர் கையெழுத்திட்ட குறிப்பை மேற்சொன்ன நான்கோடு சேர்த்து வையுங்கள்.